முன்கை முடிவு

அப்பாவுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்குவது என்று முடிவு செய்தபோது, ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும் வேலை என்றுதான் எக்ஸ்ரே அக்கா நினைத்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. செருப்பு, குக்கர், மின்விசிறி, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் அவள் அப்படித்தான் வாங்கியிருந்தாள். கடைக்குப் போவது, காசைக் கொடுப்பது, பொருளைத் தூக்கிக்கொண்டு வருவது. இது எவ்வளவு அநாகரிகமான பழக்கம் என்று அவளுக்கு அதுவரை யாரும் எடுத்துச் சொல்லியிருக்கவில்லை.

எக்ஸ்ரே அக்கா என்பது ஆஸ்பத்திரியில் வைத்த பெயர். பன்னிரண்டு வருஷமாக எக்ஸ்ரே அறையில் நின்றுகொண்டு, "மூச்சை இழுத்துப் பிடிங்க, விடாதீங்க, ஆங், விடலாம்" என்று ஊரையே மூச்சுப் பிடிக்க வைத்துக்கொண்டிருப்பவள். பெரிய டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் அக்கா. அவளுடைய அப்பா பம்பு செய்கிற தொழிற்சாலையில் லேத் என்கிற கடைசல் இயந்திரம் ஓட்டுகிறவர். முப்பத்தாறு வருஷம். லேத் ஓட்டுகிற கையில் வாட்ச், மோதிரம், கயிறு எதுவும் இருக்கக் கூடாது. சுழல்கிற இரும்பு வாட்சைப் பிடித்தால் வாட்சோடு நிற்காது, கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஆகவே கல்யாணமான புதிதில் கழற்றிய வாட்சை அவர் திரும்பக் கட்டவே இல்லை. அது எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்பதில் அவருக்கும் அம்மாவுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

போன வருஷம் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவியபடியே அவர் சொன்னார்.

"வேலையை விட்டதும் ஒரு வாட்ச் கட்டணும்மா. பேட்டரி வாட்ச் இல்ல. சாவி குடுக்கிறது. உள்ள சக்கரம் ஓடணும். கடைசி நாள் கேட்டைத் தாண்டும்போது கையில இருந்தா நல்லா இருக்கும்."

தனக்கென்று ஒரு சட்டைகூடக் கேட்டு வாங்காத மனிதர் வாயைத் திறந்து இது வேண்டும் என்று சொன்னது, அவளுக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அன்றைக்கே அவள் மனசில் அது ஆணி அடித்ததுபோல் உட்கார்ந்துவிட்டது.

விசாரித்துப் பார்த்ததில், சாவி கொடுக்கிற கடிகாரத்தை, சொந்த வீடு இருந்து அதை விற்றால்தான் வாங்கலாம் என்று தெரிந்தது. அந்தச் சமயத்தில்தான் கடைவீதியின் அகலமான பக்கத்தில் ஒரு பெரிய பலகை அவள் கண்ணில் பட்டது. "கட்டுப்படியாகும் ஆடம்பரம்" என்று எழுதியிருந்தது. அந்த இடத்துக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. அதைச் சொன்னால் அதற்கும் தனியாகப் பணம் கேட்பார்கள் என்பதால் இல்லம் என்றே வைத்துக்கொள்வோம். அவர்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள்.

இல்லத்தின் கதவு தானாகத் திறக்காது. தள்ளியும் திறக்கக் கூடாது. உள்ளேயிருந்து ஒருவர் கண்ணாடி வழியாக நம்மைப் பார்த்து, மனசு வந்தால் திறப்பார். மனசு வந்து அவளுக்குத் திறந்தவர் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். தன்னைத் தரிப்பு ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டார். அவள் அவருக்கு மனசுக்குள் கையுறை என்று பெயர் வைத்தாள்.

"வாட்ச் வாங்கணும் சார். அப்பாவுக்கு."

கையுறை கண்ணை மூடித் திறந்தார். "இங்க யாரும் எதையும் வாங்கறதில்லைங்க. தத்தெடுக்கறாங்க."

"சரி சார். தத்தெடுக்கணும். விலை என்ன?"

"விலைன்னு சொல்றதில்லை. பங்களிப்பு."

பெயர்தான் பங்களிப்பே தவிர, ஆள் அச்சு அசல் விலை மாதிரியே இருந்தது. அவளுடைய மூன்று மாதச் சம்பளம். முழுதாக முதலிலேயே கட்டிவிட வேண்டும், எக்காரணம் கொண்டும் திரும்பத் தர மாட்டார்கள். அவள் ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததைக் கொடுத்தாள். முழுத் தொகையும் பெறப்பட்டது என்று தங்க நிற எழுத்தில் ரசீது வந்தது. கூடவே ஒரு கோப்பை வெந்நீர் வந்தது. கடிகாரம் வரவில்லை.

"வாட்ச் சார்?"

"இப்பத்தானே அறிமுகம் ஆயிருக்கோம். முதல்ல உங்க குடும்பம் அதுக்குப் பொருத்தமான்னு பாக்கணும். புரிதல் வகுப்புக்கு வாங்க. பத்து பத்துக்கு."

"காலையிலயா, ராத்திரியா?"

கையுறை சுற்றிக் காட்டினார். கண்ணாடிப் பெட்டிகளில் இருந்த அத்தனை கடிகாரங்களும் பத்து பத்தில் நின்றுகொண்டிருந்தன. வெளியே மணி ஐந்தரை.

"முள் ரெண்டும் இப்படி நின்னா முகம் சிரிக்கிற மாதிரி இருக்கும். அதனால இல்லத்துல எப்பவும் பத்து பத்துதான். நீங்க எப்ப வந்தாலும் சரியான நேரத்துக்கு வந்தவங்கதான். ஆனா காத்திருக்கணும்."

அப்பாவின் கடைசி நாளுக்கு இன்னும் எழுபது நாள் இருந்தது. எழுபது நாள் தாராளம் என்று அவள் நினைத்தாள்.

புரிதல் வகுப்புக்கு வந்திருந்தவர்கள் ஒன்பது பேர். எல்லோரும் கட்டுப்படிப் பிரிவு. அவர்களுக்கென்று பக்கவாட்டில் தனிக் கதவு இருந்தது, குனிந்து போகிற மாதிரி. மரியாதை தானாக வரட்டும் என்று அப்படிக் கட்டியதாகக் கையுறை விளக்கினார். இல்லத் தலைவர் மேடையேறினார். அவர் பேசும்போது வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் ஒரு ஆள் தூங்கி எழுந்துவிடலாம்.

"உங்கள்ல பல பேர், மணி பாக்கறதுக்காகக் கடிகாரம் வேணும்னு வந்திருப்பீங்க. அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. அறியாமைதான். மணி பாக்கற அவசியம் யாருக்கு? பஸ்ஸைப் பிடிக்கணும், வேலைக்குப் போகணும்னு இருக்கறவனுக்கு. எங்க மேல்மாடி வாடிக்கையாளர்கள் யாருக்காகவும் காத்திருக்கறதில்ல. அவங்களுக்காகத்தான் மத்தவங்க காத்திருப்பாங்க. அதனால அவங்க கடிகாரம் ஒரு நாளைக்குப் பன்னண்டு நிமிஷம் பிந்தும். உங்க பிரிவுக் கடிகாரம் நாலு நிமிஷம்தான் பிந்தும். அதுக்கு மேல நீங்க ஆசைப்படக் கூடாது."

தையற்கடைக்காரர் ஒருவர் கை தூக்கினார். "பிந்தாத வாட்ச் இருக்குங்களா?"

"பிளாட்பாரத்துல கிடைக்கும்" என்றார் தலைவர், யாரோ இறந்துபோன செய்தியைச் சொல்வதுபோல. பிறகு இல்லத்தின் மரபை விளக்கினார். "இங்க அவசரம் கிடையாது. எங்க ஊழியர் ஒருத்தரும் வேகமா நடந்து நீங்க பாக்க முடியாது. போன வருஷம் மேல்மாடியில ஒரு திரைச்சீலை தீப்பிடிச்சது. அப்பவும் நடந்துதான் வந்தாங்க. மூணு திரைச்சீலை போச்சு. மரபு போகல."

எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள், எதற்கென்று தெரியாமலே. பிறகு ஒவ்வொருவரும் எழுந்து, யாருக்காகத் தத்தெடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும் என்றார்கள்.

"எங்க அப்பாவுக்கு, சார். வேலை முடியற அன்னிக்குக் கையில வாட்ச் கட்டணும்னு ஆசைப்படறார்."

தலைவர் காதைப் பொத்திக்கொண்டார். "கட்டறதா? மாட்டைக் கட்டலாம். மூட்டையைக் கட்டலாம். கடிகாரத்தைக் கட்டக் கூடாதும்மா. தரிக்கணும். கட்டுங்கற வார்த்தையே இந்த வளாகத்துல கிடையாது."

அவள் எதிர்த்துப் பேசவில்லை. சந்தேகத்தைத்தான் கேட்டாள். பாவம், அதுவரை அவள் சந்தேகம் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்போ இந்த இடத்துக்கு என்ன சார் பேரு?"

"எந்த இடத்துக்கு?"

"இதுக்குத்தான். எட்டுச் சின்ன எலும்பு இருக்கே, இங்க. ஆஸ்பத்திரிச் சீட்டுல மணிக்கட்டுன்னுதான் எழுதறோம். மணியைக் கட்டுற இடம்னுதானே சார் அர்த்தம்?"

தலைவர் கையுறையைப் பார்த்தார். கையுறை தன் மணிக்கட்டைப் பார்த்தார். இத்தனை காலமாக அது அங்கேயே இருந்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். வகுப்பு அத்தோடு கலைந்தது. மூன்று நாள் கழித்துச் சுற்றறிக்கை வந்தது. இனிமேல் எல்லாப் படிவங்களிலும் அந்த உறுப்பு முன்கை முடிவு என்றே குறிப்பிடப்படும்.

படிவத்தை வாங்கப் போனவள், சும்மா இருக்காமல் இன்னொன்றையும் சொல்லிவிட்டாள். "சார், வெளியில போர்டுலகூட கட்டு இருக்கு. கட்டுப்படியாகும்னு போட்டிருக்கே."

அடுத்த வாரம் பலகை மாறியது. "தரிப்புப்படியாகும் ஆடம்பரம்." அப்படியென்றால் என்ன என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாததால் மரியாதை கூடியது. கூட்டம் இரண்டு மடங்கு ஆனது.

நாற்பத்தெட்டு நாள் மிச்சம் இருந்தபோது முன்கை முடிவுப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். அப்பா ஷிப்ட் முடிந்து நேராக வந்தார். தொழிற்சாலையிலேயே சோப்புத் தூள் போட்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவியிருந்தார். சட்டைக் கையைப் பொத்தான் போட்டு மூடியிருந்தார். ஆனால் முப்பத்தாறு வருஷத்து எண்ணெய் ரேகைக்குள் போய்க் குடியேறிவிட்டது. அதைச் சோப்பு காலி செய்ய முடியாது.

கையுறை ஒரு வெள்ளி நாடாவால் இடது கையின் சுற்றளவு எடுத்தார். "அளவு சரி. தோற்றம்தான் கொஞ்சம்... இந்தத் தழும்பு என்ன?"

"இரும்புச் சுருள் பட்டதுங்க. லேத்துல வேலை செஞ்சா படும்" என்றார் அப்பா.

"உழைப்பின் தடயங்கள் உள்ளன" என்று கையுறை எழுதிக்கொண்டார். "பெரியவரே, ஒரு யோசனை. வேலையை விட்டு அஞ்சு வருஷம் போனா இதெல்லாம் மங்கிடும். அப்புறமா மனு போடலாமே. கடிகாரத்துக்கும் நல்லது."

"அஞ்சு வருஷமெல்லாம் வேண்டாம் சார்" என்றாள் அவள்.

கையுறை தலையாட்டினார். பிறகு இரண்டு கையுறைகளையும் விரல் விரலாகக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, அலமாரியிலிருந்து புதிதாக ஒரு ஜோடி எடுத்து மாட்டிக்கொண்டார். அதில் வன்மம் எதுவும் இல்லை. முகத்தில் அதே புன்னகைதான். அப்பா கூடையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். அதை மெதுவாகப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

பஸ்ஸில் வீடு வரும்வரை அந்தக் கை வெளியே வரவில்லை. கம்பியைப் பிடித்ததும் டிக்கெட்டை வாங்கியதும் வலது கை ஒன்றால்தான். இறங்கும்போது சொன்னார். "வேண்டாம்மா. காசைத் திரும்ப வாங்கிடு. எனக்கு எதுக்கு இதெல்லாம்."

"காசு திரும்ப வராதுப்பா."

"போனாப் போகுது. விடு."

பன்னிரண்டு வருஷமாக அவள் எத்தனையோ கைகளைத் தட்டில் வைத்துப் படம் எடுத்திருக்கிறாள். மேல்மாடிக் கைகளும் வந்திருக்கின்றன. உள்ளே எல்லாம் ஒரே எலும்புதான், ஒரே வரிசைதான். அப்பாவின் அந்தக் கைதான் அவளுக்குச் சோறு போட்டது, படிக்க வைத்தது, காய்ச்சல் வந்த ராத்திரிகளில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது. அன்றைக்கு அவளுடைய குழப்பமெல்லாம் தீர்ந்துவிட்டது. இனி அந்தக் கடிகாரம் அப்பா கேட்டைத் தாண்டும்போது அவர் கையில் இருந்தே ஆக வேண்டும். இல்லம் தலைகீழாக நின்றாலும் சரி.

அடுத்த கட்டம் வெற்றுத் தரிப்பு. அதாவது முப்பது நாளைக்கு ஒரு பயிற்சிக் கடிகாரம் தருவார்கள். வெளிக்கூடு உண்டு, வார் உண்டு, கண்ணாடி உண்டு. முள் கிடையாது, உள்ளே சக்கரமும் கிடையாது. முன்கை முடிவு எப்படி நடந்துகொள்கிறது என்று தினமும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அப்பா அதைக் காதில் வைத்துப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்லையேம்மா."

"இது பழகறதுக்காம்ப்பா."

"எதுக்குப் பழகறது? ஒண்ணும் இல்லாததுக்கா?" என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு அதைத் தொடவில்லை.

குறிப்பேட்டை அம்மா எடுத்துக்கொண்டாள். அம்மாவுக்கு எழுத வருமென்றே வீட்டில் யாருக்கும் தெரியாது. "இன்று நான்கு மணி நேரம் தரித்தார். முன்கை முடிவு உற்சாகமாகக் காணப்பட்டது. மாலையில் லேசாக ஏங்கியது. பால் கொடுத்துத் தூங்க வைத்தோம்." எல்லாப் பக்கமும் இப்படித்தான். குறிப்பேட்டைப் படித்த குழுவினர் கண் கலங்கியதாகவும், மேல்மாடிப் பிரிவில்கூட இப்படி ஒரு உறவை அவர்கள் கண்டதில்லை என்றும் கையுறை தொலைபேசியில் சொன்னார்.

அந்த உருக்கத்தில் அவரே வீட்டைப் பார்வையிட வந்துவிட்டார். கடிகாரம் வசிக்கப் போகிற சூழலைப் பார்க்க வேண்டுமாம். ஜன்னலைத் திறந்து மூடினார். மிக்சி சத்தத்தை அளந்தார். பக்கத்து வீட்டில் ஸ்கூட்டர் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கேட்டார்.

"எங்களுக்கு வீட்டை வாடகைக்குக் குடுத்தவர்கூட இவ்வளவு கேக்கலைங்க" என்றாள் அம்மா.

"கடிகாரம் எங்கம்மா உறங்கும்?"

"இவர் டிவிக்கு முன்னாடி தூங்குவார். அதுக்கும் பக்கத்துல ஒரு தலகாணி போட்டுடறேன்."

"யார் உயிரூட்டுவாங்க?"

"என்னது?"

"தினமும் காலையில திருகணுமே, அது."

"ஓ, சாவி குடுக்கறதா. இவருக்கே தினமும் காலையில நான்தான் சாவி குடுக்கறேன். அதுக்கும் குடுத்துட்டாப் போச்சு."

கையுறை அதை அப்படியே எழுதிக்கொண்டு, கீழே கோடு போட்டார்.

நாள் ஓடியது. குழு கூடியது. கூடிய குழு ஒரு துணைக் குழுவை அமைத்தது. துணைக் குழு, குழு எப்போது கூட வேண்டும் என்று யோசித்தது. எக்ஸ்ரே அக்கா தினமும் மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டாள். தினமும் ஒரே பதில், "அவசரப்படாதீங்க." கடைசியில் கடிதம் வந்தது. ஒப்படைப்பு விழா, மாதக் கடைசித் தேதி, பத்து பத்துக்கு. அவள் விடாமல் கூப்பிட்டுக் குடைந்து, அது மதியம் இரண்டு மணி என்று கறந்துவிட்டாள். அப்பாவின் கடைசி நாளும் அதே தேதிதான். நாலு மணிக்குச் சங்கு ஊதும்.

"அப்பா, ரெண்டு மணி நேரம் பெர்மிஷன் போடுங்க."

"கடைசி நாள் பெர்மிஷன் போட்டா நல்லாவா இருக்கும்? பம்புக்கு ஒரு ஷாப்ட் கடைஞ்சது பாதியில நிக்குது. அதை முடிச்சுக் குடுத்துட்டுத்தான் வருவேன். நீ போய் வாங்கிட்டு வா. குடுத்தாங்கன்னா குடுக்கட்டும்."

குரலில் எதிர்பார்ப்பே இல்லாததுதான் அவளைக் குத்தியது.

விழா மண்டபத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர், துணைத் தலைவர், புகைப்படக்காரர். கையுறை பக்கத்தில் நின்றார். நடுவில் மெத்தை மேல் கடிகாரம். எளிமையான வெள்ளை முகம், கறுப்பு வார். நன்றாகவே இருந்தது. அதன்மேல் அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அது என்ன செய்யும்.

"பெறுநர் எங்கே?" என்றார் துணைத் தலைவர்.

"வேலையில இருக்கார் சார். இன்னிக்குக் கடைசி நாள்."

"அப்படின்னா முன்கை முடிவு வரலையா? முன்கை முடிவு இல்லாம ஒப்படைப்பு நடந்ததா இல்லத்தோட வரலாற்றுலயே கிடையாது."

அவள் பையைத் திறந்தாள். மருத்துவச் சான்று கேட்பார்கள் என்று நினைத்து எடுத்து வந்திருந்த படம். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று அவளே எடுத்த மணிக்கட்டு எக்ஸ்ரே. விளக்குக்கு நேராக உயர்த்திப் பிடித்தாள். "வந்திருக்கு சார். எட்டு எலும்பும் இருக்கு. எண்ணிக்கோங்க."

மூன்று பேரும் எழுந்து வந்து பார்த்தார்கள். கையுறை விரல் வைத்து எண்ணினார். எட்டு இருந்தது. தலைவரின் முகத்தில் நிம்மதி படர்ந்தது. "நேர்ல பாத்ததைவிட இது எவ்வளவோ நல்லா இருக்கு" என்றார். "தழும்பு இல்ல, அழுக்கு இல்ல. இனி எல்லா ஒப்படைப்பும் இப்படியே நடக்கட்டும். ஆளே வர வேண்டாம்."

எக்ஸ்ரேயை மெத்தைமேல் கிடத்தி, அதன்மேல் கடிகாரத்தைச் சாத்தி, பூங்கொத்து வைத்துப் புகைப்படம் எடுத்தார்கள். எலும்புக்குக் கை கொடுப்பதுபோல் தலைவர் ஒரு படத்தில் நின்றார். எல்லாம் முடிந்ததும் கையுறை கடிகாரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டப் போனார்.

"சார், பெட்டி வேண்டாம். அப்படியே எடுத்துட்டுப் போயிடறேன்."

"எங்க எடுத்துட்டுப் போறீங்க?" தலைவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "தரிப்புப்படிப் பிரிவுக் கடிகாரங்கள் இல்லத்துலயேதான் இருக்கும்மா. பாதுகாப்பு. உங்க வீட்டு அறிக்கை வேற திருப்தியா இல்ல. மிக்சி ஓடுது. மாசத்துல முதல் சனிக்கிழமை அப்பா வந்து கண்ணாடி வழியா பாக்கலாம். மூணு வருஷம் ஒழுங்கா வந்தா, அஞ்சு நிமிஷம் தரிக்கலாம்."

"அப்போ நான் எதுக்கு சார் காசு குடுத்தேன்?"

"ஆடம்பரத்துக்கு" என்றார் தலைவர், அன்பாக. "கையில வச்சிருந்தா அது வெறும் கடிகாரம்தானே."

மணி இரண்டு ஐம்பது. பஸ்ஸில் தொழிற்சாலைக்கு நாற்பது நிமிஷம். அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு எக்ஸ்ரே அறைக் குரலில் சொன்னாள். "சரி, கடைசியா ஒரு போட்டோ எடுத்துக்கலாம். எல்லாரும் நேரா நில்லுங்க. தோளைத் தளர்த்துங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க. விடாதீங்க."

அந்தக் குரலுக்கு மந்திரியானாலும் கட்டுப்படுவார். தலைவர், துணைத் தலைவர், கையுறை, புகைப்படக்காரர் நாலு பேரும் நெஞ்சை நிமிர்த்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் கடிகாரத்தை எடுத்து இடது கையில் கட்டினாள். எக்ஸ்ரேயைச் சுருட்டிப் பையில் வைத்தாள். தங்க எழுத்து ரசீதைத் தலைவரின் கண்ணுக்கு நேராக ஒரு தடவை காட்டினாள். நடந்து போய்க் கதவைத் தள்ளித் திறந்தாள். திரும்பிப் பார்த்து, "ஆங், விடலாம்" என்றாள்.

விட்டார்கள். பிறகு துரத்தினார்கள். ஆனால் மரபு மாறாமல் நடந்துதான் துரத்தினார்கள். கையுறை பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தபோது பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியிருந்தது.

கைபேசி அடித்தது. கையுறைதான்.

"அம்மா, அது இப்ப யாரோட முன்கை முடிவுல இருக்கு?"

"என் மணிக்கட்டுல கட்டியிருக்கேன் சார். இறுக்கிக் கட்டியிருக்கேன்."

அந்தப் பக்கம் வலியில் முனகுவது கேட்டது. "உங்க குடும்பத்தையே பட்டியல்லேருந்து நீக்கறோம். ஏழு தலைமுறைக்கு இல்லத்துல உங்களுக்கு இடம் கிடையாது."

"அதை எழுத்துல குடுத்துடுங்க சார். பிரேம் போட்டு ஹால்ல மாட்டிக்கறோம். வைக்கறேன், அவசரமா போயிட்டிருக்கேன்."

தொழிற்சாலை வாசலில் இறங்கியபோது சங்கு ஊதுவதற்குப் பத்து நிமிஷம் இருந்தது. காவலாளி அவளை உள்ளே சைக்கிள் கொட்டகை வரை விட்டார். கடிகாரத்தின் முள் இன்னும் பத்து பத்தில்தான் நின்றது. ரொம்ப நாளாக அடக்கி வைத்த கோபம் இறங்கிக்கொண்டிருந்தது.

சங்கு ஊதியது. அப்பா கடைசியாக வந்தார். ஷாப்டை முடித்து, ஸ்பானர்களைத் துடைத்து, லாக்கர் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தார். அவள் கையில் வெள்ளை முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"குடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டு வந்துட்டேன்பா. நம்மளுதுதானே."

அவர் குழாயடிக்குப் போய் முழங்கை வரை கழுவினார். கர்சீப்பால் ஈரம் போகத் துடைத்தார். பிறகு கையை நீட்டினார். கைபேசியைப் பார்த்து முள்ளைச் சரியான மணிக்கு வைத்து, தழும்புக்கு மேலே வாரைச் சுற்றி அவள் கட்டிவிட்டாள். அவர் பக்கத்துத் திருகை இரண்டு விரலால் பிடித்து மெல்லச் சாவி கொடுத்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே பல் ஏறுவது விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும், முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. காதில் வைத்துக் கேட்டார்.

"ஓடுதும்மா" என்றார்.

ஷிப்ட் ஆட்கள் முப்பது பேரும் சைக்கிளைப் பிடித்தபடி நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கு ஊதி ஐந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. மணி என்ன என்று அந்த ஊருக்கே தெரியும். வெல்டர் ஒருவன் முதலில் கேட்டான்.

"அண்ணே, மணி என்ன?"

அப்பா கையைத் தூக்கிப் பார்த்தார். "நாலு அஞ்சு."

அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். பின்னால் நின்ற வார்ப்படக்காரர் வந்தார். "மணி என்னப்பா?"

"நாலு ஆறு."

அடுத்தவர் வந்தார். அதற்கடுத்தவர் வந்தார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் யாரையும் முந்தவில்லை. ஒவ்வொருவரும் மணி கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் கையைத் தூக்கி, முள்ளைப் பார்த்து, நிதானமாகப் பதில் சொன்னார். இத்தனை வருஷமாக இரண்டு நிமிஷம் தாமதமானாலும் அரைநாள் சம்பளத்தை வெட்டிய ஃபோர்மேன், எல்லோருக்கும் பின்னால் வந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மணி என்னங்க?" என்று கேட்டார்.

அவருக்கும் சொன்னார். பிறகு மகள் கூடவர வெளியே நடந்தார். கேட்டைத் தாண்டும்போது மணி நாலு பத்தொன்பது. அதை அவளுக்கு அவர்தான் பார்த்துச் சொன்னார்.